வெண்பன்றி வளர்ப்பு: தீவன மூட்டை முதல் விற்பனை வரை முழுக் கணக்கு

பன்றி வளர்க்கும் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "உயிர் எடை இப்போ கிலோ என்ன போகுது?" என்பதுதான். "உங்களுக்குக் கிலோ என்ன அடக்கம் ஆகுது?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் பண்ணை நிற்பதும் விழுவதும் இந்த இரண்டாவது கேள்வியில்தான். விலையைக் கேரளச் சந்தையும் பண்டிகையும் நோயும் முடிவு செய்கின்றன. அடக்கத்தை, அதாவது ஒரு கிலோ எடை உருவாக நமக்கு ஆகும் செலவை, பெருமளவு நாம் முடிவு செய்யலாம். அடக்கம் தெரியாதவர், வியாபாரி சொல்லும் எந்த விலை லாபம், எது நஷ்டம் என்று தெரியாமலே தலையாட்ட வேண்டியதுதான்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் 20 முதல் 100 உருப்படி வரை வைத்திருப்பவர்களுக்காக. பெரிய வெள்ளை யார்க்‌ஷயர், அதன் கலப்பினங்கள், காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கே.பி.எம். கோல்டு என எதை வளர்த்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றே. கீழே வரும் ரூபாய் விலைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அந்த இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு கிலோ தீவனம் உண்மையில் எவ்வளவு?

பன்றித் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் மூன்று கட்டமாகப் புரதம் சொல்கிறது: குட்டித் தீவனத்தில் 20 சதவீதம், வளரும் பன்றிக்கு 18, கடைசிக் கட்டத்தில் 16. வளரும் பன்றிக்கு 100 கிலோ கலவை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மக்காச்சோளம் 54.5 கிலோ, ₹25 வீதம் ₹1,362
சோயா புண்ணாக்கு 21 கிலோ, ₹42 வீதம் ₹882
கோதுமைத் தவிடு 12 கிலோ, ₹24 வீதம் ₹288
எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 10 கிலோ, ₹16 வீதம் ₹160
தாது உப்புக் கலவை 2 கிலோ, ₹80 வீதம் ₹160
உப்பு அரை கிலோ, ₹4

மொத்தம் ₹2,856. அரவைக் கூலி, சாக்கு, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் வைத்தால் கிலோ ₹30. புரதம் ஏறக்குறைய 18 சதவீதம் வரும். மக்காச்சோளத்தில் 9, தவிடுகளில் 15, சோயாவில் 46 சதவீதம் என்று வைத்து நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் கை வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விலை ஏறியதும் பலரும் முதலில் குறைப்பது சோயாவை. அந்த இடத்தைத் தவிட்டால் நிரப்புவார்கள். மூட்டை விலை இறங்கும், பன்றியின் வளர்ச்சியும் இறங்கும். குறைக்க வேண்டுமானால் மாவுச்சத்துப் பக்கம் குறையுங்கள். மக்காச்சோளத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் குருணை அரிசி போடலாம். சேலம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பி, அதாவது மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, கிடைக்கும். ஆனால் திப்பியில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. அதைச் சேர்த்தால் புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அந்தக் கூடுதலையும் சேர்த்துத்தான் திப்பி மலிவா என்று பார்க்க வேண்டும்.

கடலைப் புண்ணாக்கு சோயாவைவிட மலிவாகக் கிடைக்கும் நாட்கள் உண்டு. பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். குட்டிகளின் வளர்ச்சி நின்றுபோகும், ஈரல் கெடும். சினைப் பன்றிக்கு அதைப் போடவே வேண்டாம்.

படி 2: அந்தத் தீவனம் எவ்வளவு எடையாக மாறுகிறது?

ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் தின்கிறது என்பதுதான் தீவன மாற்றுத் திறன். பண்ணைகளில் எஃப்.சி.ஆர். என்பார்கள். நம் ஊர்ப் பண்ணைகளில் மேலே சொன்னது போன்ற அடர்தீவனத்தில் வளர்த்தால் 3 முதல் 4 வரை இருக்கும். குட்டியில் குறைவு, வயதாக ஆக ஏறிக்கொண்டே போகும்.

15 கிலோக் குட்டி வாங்கி 95 கிலோவில் விற்கிறீர்கள். கூடிய எடை 80 கிலோ. எஃப்.சி.ஆர். 3.5 என்றால் 280 கிலோ தீவனம், ₹8,400. அதே பன்றி 3.2-இல் வளர்ந்தால் ₹7,680. 3.8 ஆனால் ₹9,120. ஒரே குட்டி, ஒரே தீவனம், பராமரிப்பில் மட்டும் வித்தியாசம். ஒரு பன்றிக்கு ₹1,440 கூடக் குறைய ஆகிறது. மூட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லித் தீவனக் கடையில் மல்லுக்கட்டுவதைவிடத் தொட்டியைச் சரிசெய்வதில் கிடைக்கும் காசு அதிகம்.

அந்தக் காசு எங்கே ஓடுகிறது என்று பார்க்கத் தீவனம் போட்ட அரை மணி நேரம் கழித்துக் கொட்டகைக்குள் போய்க் குனிந்து தொட்டியின் அடியைப் பாருங்கள். பன்றி மூக்கால் வாரித் தள்ளிய மாவு சாணியோடு குழைந்து கிடக்கும். தொட்டியின் உள்விளிம்பில் உள்நோக்கி வளைந்த ஒரு தடுப்பு வைத்தாலே இதில் பெரும்பகுதி நிற்கும். மாவைத் தண்ணீர் தெளித்துப் பிசறிப் போட்டால் தூசியாகப் பறப்பதும் குறையும். அப்புறம் குடற்புழு நீக்கம். தின்றதில் ஒரு பங்கு புழுவுக்குப் போனால் எஃப்.சி.ஆர். எப்படி நிற்கும்?

சித்திரை, வைகாசி வெயிலும் இதில் சேர்த்தி. பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தீனியைக் குறைத்துவிடும், எடை ஏறும் வேகம் படுத்துவிடும். மதியத்தில் தண்ணீர் தெளிப்பதும், தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடுவதும் செலவில்லாத வேலைகள்.

படி 3: அடக்க விலையைக் கண்டுபிடியுங்கள்

இப்போது எல்லாவற்றையும் கூட்டுவோம். 100 பன்றிக்கு ஓர் ஆள், மாதம் ₹18,000, ஆறு மாத வளர்ப்பு என்று கொண்டால் ஒரு பன்றிக்கு:

குட்டி ₹4,500
தீவனம் ₹8,400
ஆள் கூலி ₹1,080
தடுப்பூசி, மருந்து ₹250
மின்சாரம், தண்ணீர், சுத்தம் ₹200
கொட்டகைத் தேய்மானம், வட்டி ₹600
நூற்றுக்கு நான்கு சாவு என்று வைத்தால் அந்த இழப்பின் பங்கு ₹375

மொத்தம் ₹15,405. இதை 95-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ₹162. இதுதான் உங்கள் அடக்க விலை. குட்டி விலையை நீக்கிவிட்டுப் பார்த்தால் செலவில் முக்கால் பங்குக்கு மேல் தீவனம்தான்.

வீட்டு ஆட்களே வேலை செய்தாலும் கூலியை எழுதுங்கள். அதை விட்டுவிட்டு லாபம் என்று சொல்வது சொந்த உழைப்பைச் சும்மா கொடுப்பது. சாவுக் கணக்கையும் விடக்கூடாது. விட்டால் எண்ணெல்லாம் பொய்யாகிவிடும்.

இதிலிருந்து இரண்டு கைக்கணக்கு கிடைக்கிறது. மக்காச்சோளம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் பன்றியின் அடக்கம் உயிர் எடைக் கிலோவுக்கு ஏறக்குறைய ₹1.60 ஏறும். சோயா ஒரு ரூபாய் ஏறினால் 62 பைசா. செய்தியில் விலை ஏற்றம் பார்த்ததுமே உங்கள் அடக்கம் எங்கே போகிறது என்று வாய்க்கணக்காகச் சொல்லிவிடலாம்.

இன்னொரு கருவி விகிதம். உயிர் எடை விலையைத் தீவனத்தின் கிலோ விலையால் வகுங்கள். மேலே உள்ள கணக்கில் 162-ஐ 30-ஆல் வகுத்தால் 5.4, அதற்குக் கீழே போனால் கையைக் கடிக்கிறது. சீனாவில் அரசே இப்படி ஒரு விகிதத்தைப் பார்க்கிறது. பன்றி விலை மக்காச்சோள விலையைப் போல் ஆறு மடங்குக்குக் கீழே இறங்கினால் அங்கே எச்சரிக்கை விடுகிறார்கள். உங்கள் பண்ணைக்கு உரிய எண்ணைக் கண்டுபிடித்துக் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள்.

படி 4: ஹோட்டல் கழிவு இலவசமா?

எச்சில் சோறு, காய்கறிக் கழிவு, கோழிக் கழிவு போட்டு வளர்ப்பவர்கள் "எனக்குத் தீவனச் செலவே இல்லை" என்பார்கள். சரி, அதையும் கணக்குப் போடுவோம். தினமும் 300 கிலோ எடுத்து வருகிறீர்கள். வண்டி டீசல் ₹500, கூட ஓர் ஆள் ₹600, ஹோட்டலுக்குக் கொடுப்பது ₹200, வேகவைக்க விறகு ₹200. மொத்தம் ₹1,500, அதாவது கிலோ ₹5.

ஆனால் அந்தக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோவில் காய்ந்த சத்து 22 கிலோ இருந்தால், சத்தின் விலை கிலோவுக்கு ₹22.70. நம் ₹30 தீவனத்தில் ஈரம் பத்து சதவீதம்தான். அதன் காய்ந்த சத்து கிலோ ₹33. கழிவு இன்னும் மலிவுதான், ஆனால் இலவசம் இல்லை. மேலும் இன்று பிரியாணி, நாளை வெறும் சாதம் என்று சத்து தினமும் மாறும். எட்டு மாத வயதில் வர வேண்டிய எடைக்குப் பத்து மாதம் ஆனால் கூலியும் வட்டியும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். கழிவு போடுபவர்கள் தினமும் ஒரு வேளையாவது புரதம் உள்ள அடர்தீவனமும், கூடவே தாது உப்பும் கொடுப்பது நல்லது.

வேகவைக்காமல் ஒருபோதும் போடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி பன்றி இறைச்சிக் கழிவு வழியாக வரும். 90 டிகிரி வெப்பத்தில், கிளறிக்கொண்டே, குறைந்தது ஒரு மணி நேரம் வேக வேண்டும் என்பது உலக விலங்குச் சுகாதார அமைப்பின் அளவுகோல். பன்றி இறைச்சி வெட்டும் கடையின் கழிவை வேகவைத்தும் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிச்சமாகும் காசுக்கு அந்த ஆபத்து தகாது.

படி 5: மக்காச்சோளத்தை எப்போது, எப்படி வாங்குவது?

பெரம்பலூர், அரியலூர், விருதுநகர் பக்கத்து மானாவாரி மக்காச்சோளம் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்பட்டு, தை மாசி வாக்கில் அறுவடைக்கு வரும். வரத்து கூடும் அந்த நேரம்தான் வாங்க ஏற்றது. நாம் வாங்கும் சந்தையிலேயே நாமக்கல் கோழிப் பண்ணைகளும் வாங்குகின்றன என்பதை மறக்கக்கூடாது. அவர்கள் எடுக்கும் அளவுக்கு முன்னால் நம் தேவை சிறு துளி. கடந்த சில ஆண்டுகளாக எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்துக்குப் போட்டியாக வந்துவிட்டன. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் குவிண்டாலுக்கு 2023-24-இல் ₹2,090, 2024-25-இல் ₹2,225, 2025-26-இல் ₹2,400 என்று ஏறியிருக்கிறது. பழைய விலை திரும்பும் என்று திட்டம் போடாதீர்கள்.

ஈரத்தைப் பார்த்து வாங்குங்கள். 18 சதவீத ஈரமுள்ள சோளத்தை ₹24-க்கு வாங்குவதும், 13 சதவீத ஈரமுள்ளதை ₹25.46-க்கு வாங்குவதும் ஒன்றுதான். மலிவு என்று நினைத்தது வெறும் தண்ணீரின் எடை. ஈரமானி இல்லாவிட்டால் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். டக்கென்று உடைய வேண்டும், நசுங்கக்கூடாது. மூட்டையின் நடுவில் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே பூஞ்சை வேலையைத் தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட சோளத்தைத் தின்ற பெண் குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு வீங்கும். சினைப் பிடிக்காமல் போவதற்கும் இது ஒரு காரணம்.

சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். மூன்று மாதத் தேவைக்கு மேல் சிறு பண்ணையில் சேர்த்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வண்டும் எலியும் தின்பது போக, முடங்கும் பணத்துக்கு வட்டியும் ஏறும். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு லாரி லோடு இறக்கிப் பிரித்துக்கொள்வது அதைவிட நல்ல வழி.

படி 6: குட்டிக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம்?

பன்றி விலை ஏறும்போது குட்டி விலை அதைவிட வேகமாக ஏறும். எல்லோருக்கும் அதே நேரத்தில் ஆசை வரும். ஆறு மாதம் கழித்து எல்லோருடைய பன்றியும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலை படுக்கும். பொருளாதார அறிஞர்கள் இதைப் பன்றிச் சுழற்சி என்றே அழைக்கிறார்கள்; ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் 1920-களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். நம் ஊரிலும் அதே கதைதான்.

ஆகவே குட்டி விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். விற்கும்போது ₹170 கிடைக்கும் என்று நிதானமாக எதிர்பார்த்தால் 95 கிலோவுக்கு ₹16,150. குட்டி தவிர்த்த செலவு ₹10,905. மிச்சம் ₹5,245. பன்றிக்கு ஆயிரம் ரூபாயாவது நிற்க வேண்டும் என்றால் குட்டிக்கு ₹4,245-க்கு மேல் கொடுக்கக்கூடாது. விற்பவர் ஐயாயிரம் கேட்டால் அந்த முறை கொட்டகை பாதி காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

சொந்தமாகத் தாய்ப் பன்றி வைத்திருந்தால் குட்டியின் அடக்கம் வேறு. சினைக் காலத்தில் தினம் இரண்டரை கிலோ, பாலூட்டும்போது ஐந்து கிலோ என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,120 கிலோ. பத்துத் தாய்க்கு ஓர் ஆண் பன்றி என்று அதன் தீனியில் ஒரு பங்கையும் சேர்த்துக் கிலோ ₹28 போட்டால் ஏறக்குறைய ₹34,000. ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு எட்டுக் குட்டி தேறினால் ஒரு குட்டியின் மேல் விழுவது ₹2,120. ஆறுதான் தேறினால் ₹2,830. தாய் படுத்து நசுக்கிச் சாகும் இரண்டு குட்டிகள் மிச்சக் குட்டிகள் ஒவ்வொன்றின் தலையிலும் எழுநூறு ரூபாயை ஏற்றிவிட்டுப் போகின்றன. ஈனும் அறையில் தடுப்புக் கம்பி வைப்பதும், முதல் வாரம் குட்டிகளுக்கு ஒரு பல்பு வெளிச்சத்தில் சூடு கொடுப்பதும் இந்தக் கணக்கைத்தான் காப்பாற்றுகின்றன.

படி 7: எந்த எடையில் விற்பது?

"விலை இறங்கிக் கிடக்கு, ஏறட்டும், அதுவரை வைத்திருப்போம்" என்ற முடிவு பல பண்ணைகளைச் சத்தமில்லாமல் கரைத்திருக்கிறது. இதற்கு மொத்த அடக்கத்தைப் பார்க்கக்கூடாது. அது ஏற்கெனவே செலவாகிவிட்டது. அடுத்த ஒரு கிலோவுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

95 கிலோ தாண்டிய பன்றியின் எஃப்.சி.ஆர். 4.5 என்றால் ஒரு கிலோ ஏற ₹135 தீவனம். கூலி, கொட்டகை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு ₹19. ஆக ₹154. இன்றைய விலை ₹150 என்று வையுங்கள். ஒரு மாதம் வைத்திருந்தால் 16 கிலோ ஏறும், செலவு ₹2,464. விலை அசையாமல் நின்றால் ₹64 நஷ்டம். ஐந்து ரூபாய் இறங்கினால் ₹619 நஷ்டம். பத்து ரூபாய் ஏறினால் மட்டும் ₹1,046 லாபம். ஏறும் என்பதற்குப் பண்டிகை போன்ற தெளிவான காரணம் இருந்தால் வைத்திருங்கள், வெறும் நம்பிக்கையில் வேண்டாம். 120 கிலோவைத் தொட்டால் அடுத்த கிலோ ₹180-ஐத் தாண்டும். கொழுப்பு கூடிவிட்டது என்று வியாபாரி விலையையும் குறைப்பார்.

இடம் அடைபடுவதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த குட்டிகள் காத்திருக்கும்போது பழைய பன்றியை வைத்துக்கொண்டிருப்பது இரட்டைச் செலவு.

படி 8: பண்டிகையைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தமிழ்நாட்டுப் பன்றிக்குக் கேரளமும் கன்னியாகுமரி மாவட்டமும் முக்கியச் சந்தை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஈஸ்டர் ஒட்டித் தேவை கூடும். தவக்காலத்தில் படுத்துவிடும். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன் 25 நாள் நோன்பும் இருப்பதால், டிசம்பர் முதல் பாதியைவிடப் பண்டிகைக்கு முந்தைய வாரமே சூடு பிடிக்கும்.

டிசம்பர் நடுவில் பன்றி தயாராக வேண்டுமானால் இரண்டு மாதக் குட்டியை ஜூன் நடுவில் வாங்க வேண்டும். அந்தக் குட்டி ஏப்ரல் நடுவில் பிறந்திருக்க வேண்டும். சினைக்காலம் 114 நாள். அப்படியானால் தாயை இணை சேர்த்தது போன டிசம்பரின் நான்காவது வாரம். இந்தக் கிறிஸ்துமஸ் விற்பனை போன கிறிஸ்துமஸ் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மொத்தத்தையும் பண்டிகைக்கே குறிவைக்காமல் பாதியை ஆண்டு முழுக்கப் பரப்பி வைத்தால் தீவனக் கடைக்குக் கொடுக்க மாதாமாதம் காசு புரளும்.

படி 9: எடையும் பேரமும்

உருப்படிக் கணக்கில், கண் மதிப்பில் விற்காதீர்கள். தினமும் நூறு பன்றி பார்க்கும் வியாபாரியின் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. தராசு இல்லையென்றால் ஒரு டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளத்தையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 1.05, நீளம் 1.10 என்றால் 84 கிலோ. பன்றி தலையை நேராக வைத்து நிற்கும்போது அளக்க வேண்டும். தீனி போட்டுக்கொண்டே அளந்தால் அசையாது.

கேட்கும் விலை நியாயமா என்று இறைச்சிக் கடையிலிருந்து திரும்பி வந்தும் பார்க்கலாம். உயிர் எடையில் 70 முதல் 75 சதவீதம் வெட்டிய எடையாகத் தேறும். 95 கிலோவில் 72 சதவீதம் என்றால் 68 கிலோ. கடையில் கிலோ ₹280 என்றால் ₹19,000-க்குக் கொஞ்சம் மேல். வண்டி, வழியில் குறையும் எடை, வெட்டுக்கூலி, கடை வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அவர் ₹160 கொடுத்தால் உங்களுக்கு ₹15,200. அவருக்கு நாலாயிரத்துக்குச் சற்றுக் கீழே. இதை வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு மரியாதையாகவும் இருக்கும், விலையும் நகரும்.

காலையில் தீனி போட்டு எடை போடுவதா, வெறும் வயிற்றிலா, எடையில் எத்தனை கிலோ கழிப்பது என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள். வண்டியில் ஏற்றிய பிறகு பேசினால் நம் பக்கம் பலம் இல்லை. பணமும் வண்டி கிளம்பும் முன்.

படி 10: விலையைப் பூஜ்யமாக்கும் நோய்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாம், அருணாச்சலில் முதலில் தெரிந்தது. 2022-இல் வயநாட்டுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் உறுதியானது. இதற்கு இங்கே தடுப்பூசி இல்லை. ஒரு பண்ணையில் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளை அழிப்பார்கள், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். நோயே வராத பண்ணைக்கும் அந்த வாரம் வியாபாரி வரமாட்டார், தீவனச் செலவு மட்டும் நிற்காமல் ஓடும். அதனால் ஒரு மாதத் தீவனத்துக்கான பணத்தை எப்போதும் தனியாக வையுங்கள்.

வியாபாரியின் வண்டி கொட்டகை வரை வர வேண்டாம். வாசலில் ஏற்றுமிடம் ஒன்று அமைத்துவிடுங்கள். புதுக் குட்டிகளை ஒரு மாதமாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். பன்றிகள் வரிசையாகக் காய்ச்சலில் படுத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசு இழப்பீடு அழிக்கப்படும் பன்றிகளுக்குத்தான், தானாகச் செத்தவற்றுக்கு இல்லை. மறைத்து வைத்து அவசரமாக விற்பவர் தன் பண்ணையோடு பக்கத்து ஊர்களையும் சேர்த்து அழிக்கிறார். பழைய பன்றிக் காய்ச்சல் (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்) வேறு நோய், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அதைத் தவறாமல் போட்டு, போட்ட தேதியைத் தீவன நோட்டிலேயே எழுதுங்கள். குட்டி வந்த தேதி, வாங்கிய எடை, மூட்டைக் கணக்கு, சாவு, விற்ற எடை எல்லாம் ஒரே நோட்டில் இருந்தால் மூன்றாவது படியின் கணக்கை ஒவ்வொரு தொகுப்பு விற்ற அன்று மாலையிலேயே போட்டுவிடலாம்.